கவாஸகியின் சின்ன மண் பைக்கான கேஎல்எக்ஸ் 110-ல் பெரியவர் உட்கார்ந்தால் பின்பக்கம் தட்டுகிறது. ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா, முழு ஷாக்கும் வாங்க வேண்டுமா?

பையனுக்கு வாங்கிய வண்டியில் நீங்களும் ஏறிப் பார்த்திருப்பீர்கள். கடையில் "முழு ஷாக்கா மாத்திடுங்க சார்" என்றிருப்பார்கள். ஸ்பிரிங் தனியாக விற்றால் அவர்களுக்கு என்ன நிற்கும்? ஷாக்கின் டேம்பர், அதாவது ஸ்பிரிங் துள்ளாமல் அடக்கும் ஆயில் குழாய், நன்றாக இருந்தால் ஸ்பிரிங் மட்டும் போதும்.

வாங்கும் முன் டேப்பை எடுங்கள். இன்ஜினுக்கு அடியில் பெட்டி வைத்துப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஆக்ஸில் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி குறித்து உயரத்தை அளக்கவும். பிறகு வண்டியைத் தரையில் விட்டு ஒருமுறை, ஹெல்மெட், பூட்ஸோடு நீங்கள் ஏறி உட்கார்ந்து ஒருமுறை. இந்த வண்டியின் பின்சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் மொத்தமே 110 மி.மீ. அளவுதான். தொங்கவிட்ட அளவிலிருந்து, ஆள் ஏறியதும் 30 முதல் 35 மி.மீ. இறங்கினால் சரி. 45-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதாது. பிரீலோட் நட்டு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் நட்டு) உள்ள ஷாக்காக இருந்து, அதை முறுக்கி இந்த அளவைக் கொண்டுவந்த பிறகு, வெறும் வண்டி தன் எடையில் துளிகூட இறங்கவில்லை என்றாலும் ஸ்பிரிங் மெலிவுதான். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இன்னும் மெலிந்ததை வாங்குகிறார்கள்.

புதிய ஸ்பிரிங் 20, 30 சதவீதம் கூடுதல் கடினம் என்ற அளவில் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் பழைய டேம்பரால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, மேடு தாண்டியதும் சீட் உங்களைத் தூக்கி அடிக்கும். பட்டறையில் கொடுத்துப் புது ஸ்பிரிங் சுற்றி வாங்குபவர்கள் கவனிக்க: கம்பித் தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்யும். 9 மி.மீ. கம்பியை 10 ஆக்கினால், மற்ற அளவுகள் மாறாவிட்டாலும் கடினம் 52 சதவீதம் ஏறிவிடும். "கொஞ்சம் தடிமனா போட்டுத் தர்றேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். ஒரு சுற்றை வெட்டி எடுக்கும் வைத்தியமும் வேண்டாம். அமுங்கி வேலை செய்யும் 8 சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் 14 சதவீதம் கூடும், ஆனால் நீளம் குறைந்து பிரீலோட் போய்விடும், வண்டி முன்பைவிடத் தாழ்ந்து நிற்கும். தட்டையாகத் தேய்த்த முனையும் போய்விடுவதால் ஸ்பிரிங் தட்டில் சாய்ந்து உட்காரும்.

கழற்றும்போது பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி, ஷாக் போல்ட்டில் பாரம் இல்லாத உயரத்துக்கு வாருங்கள். போல்ட் கையால் உருண்டு வந்தால் சரியான உயரம். சுத்தியலால் அடித்து எடுத்தால் மரை போகும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் முன் என்று கழற்றும் முன் மார்க்கர் போட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்கை அமுக்கும் இடம்தான் ஆபத்து. ரெண்டு பேர் காலால் மிதிக்க, மூன்றாவது ஆள் தட்டை இழுக்கும் காட்சி எல்லா ஊர் மெக்கானிக் கடையிலும் உண்டு. "இத்தனை வருஷமா இப்படித்தான் செய்றோம்" என்பார்கள். விரல் போன ஆட்கள் வந்து வாதாடுவதில்லை. கார் வேலைக்கான இரட்டைக் கொக்கிக் கம்ப்ரஸர் இந்தச் சிறிய ஸ்பிரிங்கில் வழுக்கும். ரெண்டு தடித்த தட்டு, ரெண்டு மரைக் கம்பி கொண்ட அமைப்பு போதும். நட்டுகளை மாற்றி மாற்றி, சமமாக முறுக்குங்கள். முகத்தை நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது பிளவுள்ள தட்டு என்றால் பக்கவாட்டில் உருவி வரும். போல்ட் நுழையும் மேல் வளையமே மரையில் ஏறியிருந்தால் லாக் நட்டை ஸ்பேனரில் பிடித்து வளையத்தைத் திருப்புங்கள். ஷாக்கின் ராடை (உள்ளே போய்வரும் பளபளப்பான கம்பியை) ப்ளையரால் பிடிக்கவே கூடாது. அதில் விழும் ஒரு கீறல் சீலைக் கிழிக்கும், ஆயில் வெளியே வரும்.

ஸ்பிரிங் வெளியே வந்ததும் ராடைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். ஒரே சீராக எதிர்க்க வேண்டும். நடுவில் 'சடக்'கென்று வெறுமையாக இறங்கினால் ஆயில் குறைந்துவிட்டது, அப்போது புது ஸ்பிரிங் வீண். ராடில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரையும் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்குவது) பாருங்கள். தட்டும் சத்தத்துக்குப் பல நேரம் காரணம், அது பொடிந்து காணாமல் போயிருப்பதுதான்.

மாட்டும்போது ஸ்பிரிங் முனை தட்டின் பிளவுக்கு நேரே நிற்காமல் திருப்பி வையுங்கள். தட்டு பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே கம்ப்ரஸரைத் தளர்த்துங்கள். வளையம் மரை வகை என்றால் லாக் நட்டுக்கு த்ரெட்லாக்கர் (நட்டு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. ஷாக் வளையத்துக்குள் ரப்பர் புஷ் இருந்தால், வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வேலை செய்து சீக்கிரம் கிழியும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் திட்டுங்கள். இது ஹெட்லைட், நம்பர் பிளேட் இல்லாத, மண்ணில் மட்டும் ஓட்டும் வண்டி. இதைச் சிறுவனிடம் கொடுத்துத் தார் ரோட்டில் பால் வாங்க அனுப்பும் அப்பாக்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி சிறுவர் செய்யும் குற்றத்துக்குப் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

மாட்டிய பிறகு பின்பக்கம் உயர்ந்து நிற்பதால் செயின் தொய்வை மறுபடி பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் அந்த மூன்று அளவையும் திரும்ப எடுங்கள். பிரேக் பிடிக்கும்போது மூக்கு அதிகமாகக் குத்தினால் முன் ஃபோர்க் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.