உப்புக் காற்றில் ஓடும் பழைய காருக்கு எந்த எவர்சில்வர்?

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, திருகோணமலையில் நாற்பது ஆண்டு கராஜ் நடத்தி ஓய்வுபெற்ற நம் மெக்கானிக் பதில் எழுதுகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சைலன்சரைப் பற்றியவை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். உப்புவெளியில், கடற்கரையிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். என்னிடம் 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. காலையில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வருவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அப்படியிருந்தும் ஒன்பது ஆண்டுகளில் மூன்று சைலன்சர்கள் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. இனி எவர்சில்வரில் போடலாம் என்று நினைக்கிறேன். கொழும்பில் விசாரித்தால் இரும்புச் சைலன்சரைப்போல் மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். 304, 409 என்று ஏதோ இலக்கங்களும் சொல்கிறார்கள். எதை வாங்குவது? காசுக்குத் தகுந்த பலன் கிடைக்குமா?
(உப்புவெளி வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் வண்டியைப் பொறுத்தவரை பலன் கிடைக்கும் என்றே சொல்வேன். ஆனால் மூன்று சைலன்சர்களும் எதனால் போயின என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கடற்கரை வீடு என்பதால் பழி முழுவதையும் கடலின்மேல் போட்டிருக்கிறீர்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் உப்பு வந்து படிவது உண்மைதான். அது வெளியிலிருந்து அரிக்கும். அதைவிட வேகமாக உள்ளிருந்து அரித்தது, உங்கள் கார் தானே உண்டாக்கிய தண்ணீர்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். பெற்றோலில் உள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் வருவது அது. குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் ஆவியாகப் பின்னால் போய்விடும். குளிர்ந்திருந்தால் சைலன்சரின் வயிற்றில் தேங்கும். எரிபொருளில் இருக்கும் சிறிதளவு கந்தகம் அந்தத் தண்ணீரை அமிலமாக்கிவிடும். பத்து நிமிடம் ஓடி நின்றுவிடும் வண்டியில் அது காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. என் கராஜில் நான் கழற்றிய சைலன்சர்களில், அடிக்கடி கொழும்புக்கு ஓடிய வண்டிகளுடையவைதான் நீண்ட நாள் உழைத்திருந்தன. ஊருக்குள் மட்டும் ஓடியவற்றில் ஓட்டை பெரும்பாலும் அடிப்பக்கத்தில், தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் விழுந்திருக்கும். உங்கள் பழைய சைலன்சரைத் தூக்கி எறியாவிட்டால் புரட்டிப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

ஆகையால் எந்த உலோகம் வாங்கினாலும், வாரத்தில் ஒருநாள் வண்டியைக் கந்தளாய்ப் பக்கம் ஒரு ஓட்டம் கொண்டுபோய் வாருங்கள். ஒரு வழி சுமார் 40 கிலோமீற்றர். குழாய் முழுவதும் உலர்ந்துவிடும். எஞ்சினுக்கும் பற்றரிக்கும் அது நல்லது.

இப்போது இலக்கங்களுக்கு வருகிறேன். எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகும். கீறினாலும் காற்றுப்பட்டதும் அந்தப் படலம் மறுபடி வளர்ந்துவிடும். துருவைத் தடுப்பது அதுதான். 409 என்பதில் ஏறத்தாழ 11 சதவீதம் குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். கார்த் தொழிற்சாலைகள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். உள்ளிருந்து வரும் அமிலத்தை ஓரளவு தாங்கும். ஆனால் நம் ஊர்க் காற்றில் சில மாதங்களிலேயே வெளிப்புறம் பழுப்பாகிவிடும். 304 என்பதில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. வீட்டில் இருக்கும் நல்ல எவர்சில்வர்ப் பாத்திரங்களும் இந்த வகைதான். 316 என்பதில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்பை எதிர்ப்பதில் அது 304ஐ விடச் சிறந்தது, அதனால்தான் படகுச் சாமான்களுக்கு அதை விரும்புகிறார்கள்.

கடலுக்கு நான்கு வீடு தள்ளி நிற்கும் உங்கள் மைனருக்கு என் தீர்ப்பு 304. 316இல் முழுக் குழாயும் செய்வது வீண் செலவு. அந்தக் காசில் தொங்கும் கொக்கிகளையும் பிடிகளையும் மட்டும் 316இல் வாங்குங்கள்.

காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். 409இல் காந்தம் ஒட்டும், 304இல் ஒட்டாது, வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கும். இதுவரை சரிதான். ஆனால் நிக்கலைக் குறைத்து மங்கனீசைச் சேர்த்துச் செய்யும் 201 என்ற மலிவான வகையிலும் காந்தம் ஒட்டாது. கண்ணாடிபோல் பளபளக்கும், உப்புக் காற்றில் 304 அளவுக்குத் தாங்காது. காந்தத்தை நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். பற்றுச்சீட்டில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொரு கேள்வியையும் கட்டாயம் கேளுங்கள். எவர்சில்வர் மேலோட்டில் மட்டுமா, உள்ளேயுமா? என் சொந்த மொறிஸ் ஒக்ஸ்போட்டுக்கு ஒரு கடையில் எவர்சில்வர்ச் சைலன்சர் வாங்கிப் பூட்டினேன். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஹபரணையைத் தாண்டும்போது உள்ளே தகரப் பேணியில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் வந்தது. வீட்டுக்கு வந்து கிரைண்டரால் அறுத்துப் பார்த்தேன். மேலோடு புதிதுபோல் இருந்தது. உள்ளே தடுப்புத் தட்டுகள் எல்லாம் சாதாரண இரும்பு, அப்பளம்போல் நொறுங்கிக் கிடந்தன. மற்றவர்களுக்கு அறிவுரை சொல்லும் தொழிலில் இருந்தவன் நான். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வாங்கினேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

பொருத்துவதில் அவசரம் வேண்டாம். எவர்சில்வர் சூட்டில் இரும்பைவிட அதிகமாக நீளும். இரண்டு மீற்றர் நீளக் குழாய் 200 பாகை சூடேறினால் இரும்பு 5 மில்லிமீற்றர் அளவுக்கு நீளும், 304 ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளும். பழைய றப்பர்கள் கல்லாக இறுகியிருந்தால் அந்த நீட்சிக்கு இடமில்லாமல் குழாய் எங்கேயாவது வெடிக்கும். ஆகவே தொங்கும் றப்பர்கள் அனைத்தையும் புதிதாகப் போடுங்கள். எஞ்சின் தாங்கி றப்பர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை தளர்ந்திருந்தால் எஞ்சின் ஆடும் ஆட்டமெல்லாம் முன்குழாயின் கழுத்தில்தான் வந்து விழும். மைனரில் அந்தக் கழுத்தை இரண்டு பாதியாக இருக்கும் ஒரு பிடிதான் மனிபோல்டோடு, அதாவது எஞ்சினிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் குழாயோடு, சேர்த்துப் பிடித்திருக்கிறது. பிடியை உடனே முழுவதும் முறுக்காமல், பின்னால் உள்ள கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டி, குழாய் எங்கும் இடிக்காமல் தானாகத் தொங்குகிறதா என்று பார்த்தபின் இறுக்க வேண்டும். எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட் போட்டால் சூட்டில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிறகு கழராது. பித்தளை நட் போடுங்கள், செம்புப் பசை கொஞ்சம் தடவுங்கள்.

ஆயத்தமாக வரும் சைலன்சர் கிடைக்காவிட்டால் இங்கேயே செய்விக்கலாம். படகுகளுக்கு எவர்சில்வர் வேலை செய்யும் நல்ல கைகள் நம் ஊரில் இருக்கின்றன. பழைய குழாயை மாதிரிக்குக் கொண்டுபோங்கள், ஓட்டையாக இருந்தாலும் வளைவுகள் அதில்தான் இருக்கின்றன. ஆர்கன் வெல்டிங்கில்தான் ஒட்ட வேண்டும். குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கன் விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் ஒட்டின் உட்பக்கம் கரிந்த சீனிபோல் பொருபொருவென்று ஆகி, அங்கிருந்தே அரிக்கத் தொடங்கும். உலோகத் தகடு 304எல் என்றால் இன்னும் நல்லது. அதில் கரி குறைவு என்பதால் ஒட்டுப்போட்ட ஓரங்கள் பலவீனமாவதில்லை. சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடச் சொல்லுங்கள், தேங்கும் தண்ணீர் வடிந்துவிடும்.

இன்னும் ஐந்தாறு ஆண்டுக்கு மேல் இந்த வண்டியை வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே இத்தனையும் செய்யுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் விற்கப்போகிறவர்போல் தெரியவில்லை.

கேள்வி: வாப்பா விட்டுச்சென்ற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை நான்தான் ஓட்டுகிறேன். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகும்போது உள்ளே புகை மணக்கிறது. சின்னவள் தலைவலிக்கிறது என்கிறாள். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் எவர்சில்வர்ச் சைலன்சர் போடலாம் என்றிருக்கிறேன். அதுவரை ஜன்னலைத் திறந்து ஓட்டினால் போதுமா?
(கிண்ணியா வாசகி)

பதில்: தங்கச்சி, போதாது. இந்த இதழ் கையில் கிடைத்த நாளிலிருந்து அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். மணக்கும் புகையோடு காபனோரொட்சைட்டு என்ற மணக்காத நச்சுவாயுவும் வருகிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் சில வேளைகளில் பின்பக்கத்துப் புகையே உள்ளே இழுபடும்.

எவர்சில்வருக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கு இரும்பில் ஒரு சைலன்சர் போட்டாலும் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள். மெக்கானிக்கிடம் மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: மனிபோல்ட் கஸ்கெட், முன்குழாய் இணைப்பு, காரின் தளத் தகடு. கம்பளத்தைக் கழற்றிப் பார்க்காமல் தளத்தில் ஓட்டை இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். டிக்கியின் றப்பர் பட்டி கிழிந்திருந்தாலும் புகை உள்ளே வரும். வால்குழாய் காரின் பின்புறத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெட்டிக் குட்டையாக்கிய குழாய்களால் இந்தத் தொல்லை வந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சரிசெய்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவின் 1985 மிட்சுபிஷி லான்சருக்குப் பெரிய விட்டமுள்ள எவர்சில்வர்க் குழாய் போட்டால் வேகம் கூடும் என்று நண்பன் சொல்கிறான். இன்னொருவன் எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும், பெரிய குழாய் கூடாது என்கிறான். யார் சொல்வது சரி?
(தம்பலகாமம் வாசகர்)

பதில்: தம்பி, இருவரும் பாதி சரி. பின்னழுத்தத்தால், அதாவது வெளியேறும் புகையைக் குழாய் தடுப்பதால், எஞ்சினுக்கு நன்மை எதுவும் கிடையாது. ஆனால் குழாய் அளவுக்குமீறிப் பெருத்தால் புகையின் ஓட்டம் மெதுவாகி, குறைந்த வேகத்தில் இழுவை குறையும். வண்டி எப்போதும் ஓடுவது அந்த வேகத்தில்தானே? காபரேற்றரின் கலவையும் பழைய குழாய்க்கு ஏற்றபடி வைக்கப்பட்டது. குழாயை மாற்றினால் அதையும் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் நிற்பீர்கள். முதலில் இருந்த விட்டத்திலேயே வாங்குங்கள்.

நேர்க்குழாய் வகைச் சைலன்சரின் உள்ளே துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருப்பார்கள். வாங்கியபோது இருக்கும் சத்தம் ஓராண்டு கழித்து இருக்காது. பஞ்சு மெல்ல மெல்லப் பறந்துபோய்ச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். தடுப்புத் தட்டுள்ள சைலன்சர் உங்கள் அப்பாவின் காதுக்கும் அயலவர்களுக்கும் நல்லது.

கேள்வி: 304 என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிய சைலன்சர் ஆறு மாதத்தில் தேநீர் சிந்தியதுபோல் கறைபட்டிருக்கிறது. முன்குழாய் மஞ்சளாகி, பிறகு நீலமாகிவிட்டது. ஏமாந்துவிட்டேனா?
(நிலாவெளி வாசகர்)

பதில்: ஏமாறவில்லை. மஞ்சளும் நீலமும் சூட்டினால் வருபவை. எவர்சில்வரின் மேற்படலம் சூட்டில் தடிக்கும்போது இந்த நிறங்கள் தோன்றும், எல்லா நல்ல குழாயிலும் வரும். தேநீர் நிறக் கறை கடலோரத்துக்கே உரியது. உப்பு படிந்து, ஈரம் சேர்ந்து, மேற்பரப்பில் மட்டும் உண்டாவது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். குழி விழாமல் வழவழவென்றிருந்தால் கவலையில்லை. ஊசிமுனைபோல் கருங்குழிகள் தட்டுப்பட்டால் மட்டும் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள்.

வாடை மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியபின், வண்டியின் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். நிலாவெளிப் பக்கம் சில கிணறுகளில் தண்ணீர் உவர், அதைக்கொண்டு கழுவினால் கழுவாமல் விட்டதே மேல். கறையைப் போக்க இரும்பு நாரையோ, இரும்பு வெல்டிங்குக்குப் பயன்படுத்திய கம்பித் தூரிகையையோ தொட வேண்டாம். அவற்றிலிருந்து உதிரும் இரும்புத் துகள் எவர்சில்வரில் பதிந்து, புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். ஈரத் துணியில் கொஞ்சம் அப்பச்சோடாவைத் தொட்டுத் துடையுங்கள், அது போதும்.