கூண்டுக்குள் ஓர் எலி சுணங்கினால் எப்படித் தெரியும்?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில, சோதனைக்கு எலி வளக்கற அனிமல் ஹவுஸைப் பாத்துக்கறனுங்க. எல்லாம் வெள்ளைச் சுண்டெலிதான். சாயங்காலம் நல்லாத்தான் இருக்குது, காலையில வந்து பாத்தா ஒண்ணு செத்துக் கெடக்குது. நோவு வந்திருக்குன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க என்னென்ன பாக்கோணுங்க?

பதில்: "சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு" என்பதில்தான் சந்தேகம். சுண்டெலி பூனைக்கும் பாம்புக்கும் இரையாகிற பிராணி. நோவை வெளியே காட்டாது. கூண்டில் கை பட்டதுமே, உடம்பு முடியாத எலிகூட எழுந்து நாலடி நடந்துவிடும். அதனால் கூண்டைத் தொடுமுன் இரண்டடி தள்ளி நின்று ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள்.

பகல் அவற்றுக்குத் தூங்கும் நேரம். காலை பத்து மணிக்குக் கூண்டிலுள்ள ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் கவலை இல்லை. குவியலை விட்டு விலகி, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பதுதான் உங்கள் நோயாளி. விளக்கு அணைந்த பிறகு வரும் அரை மணி நேரம் இன்னும் நல்லது. மங்கலான சிவப்பு விளக்கு அவற்றின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதில் பார்க்கலாம். மற்றவை தீனிக்கும் தண்ணிக்கும் ஓட, ஒன்று மட்டும் அசையாமல் இருக்கும்.

அடுத்தது மயிர். நல்ல எலி நாள் முழுக்கத் தன்னை நக்கித் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும். உடம்பு முடியாதபோது முதலில் கைவிடுகிற வேலைகளில் இது ஒன்று. மயிர் மங்கி, சிலிர்த்து, ஈரத்தில் நனைந்து காய்ந்த மாதிரி நிற்கும். கூடு கட்டுவதையும் அப்படியே விட்டுவிடும். இரவு ஒரு டிஷ்யூ காகிதம் போட்டு வையுங்கள். காலையில் அது கடித்துக் கிழிக்கப்படாமல் அப்படியே கிடந்தால் அந்தக் கூண்டில் ஏதோ சரியில்லை.

முகத்தையும் பாருங்கள். 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் எலியின் முகத்தில் வலியைப் படிக்க ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காது பின்னால் சாய்வது, மீசை இடம் மாறுவது ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பழகாத ஆளுக்குக் கண் ஒன்றே போதும்: விழித்திருக்கிற எலியின் கண் பாதி மூடியிருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை எலியில் இன்னொரு வசதி, காதும் பாதமும் இளஞ்சிவப்பாகத் தெரியும். அவை வெளுத்தால் ரத்தக் குறைவு, நீலம் பாய்ந்தால் மூச்சுக் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

பிறகு கையில் எடுங்கள். வால் நுனியைப் பிடிக்காதீர்கள். உள்ளங்கையில் அள்ளியெடுத்தால் மிரட்சி குறையும். உடம்பு சில்லென்று இருக்கிறதா? பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். மடிப்பு நின்றால் நீர் வற்றியிருக்கிறது. கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் இடுப்பருகே முதுகெலும்பின் மேல் ஓட்டுங்கள். எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. கணு கணுவாகத் தட்டுப்பட்டால் இளைத்துவிட்டது.

எடையை 0.1 கிராம் காட்டும் தராசில் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். 28 கிராம் இருந்த எலி 25.2க்கு வந்தால் பத்து சதவீதம் போய்விட்டது, காலையும் மாலையும் பார்க்க வேண்டும். 22.4 என்றால் இருபது சதவீதம். பெரும்பாலான ஆய்வுத் திட்டங்களில் அங்கே சோதனையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் எடை ஏமாற்றவும் செய்யும். எர்லிக் போன்ற புற்றணுக்களை வயிற்றில் செலுத்திச் செய்யும் சோதனைகளில் நீர் கோத்து எடை ஏறிக்கொண்டே போகும், எலியோ உள்ளுக்குள் எலும்பும் தோலுமாகும். அங்கே தராசை நம்பாமல் முதுகெலும்பைத் தடவிப் பார்ப்பதே சரி.

ஒன்று மட்டும் சுணங்கினால் அந்த எலிக்கு நோய். ஐந்தும் சேர்ந்து சுணங்கினால் முதலில் தண்ணீர் பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். 30 கிராம் எலி நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 மில்லி குடிக்கும். ஐந்துக்கு 20 முதல் 25. மட்டம் இறங்கவே இல்லையென்றால் குழாய் முனைக் குண்டு சிக்கியிருக்கும். விரலால் தட்டினால் சொட்டு வர வேண்டும். தண்ணீர் கிடைக்காத எலி காய்ந்த தீனியையும் தொடாது, ஓரிரு நாளில் நோயாளி போலவே ஆகிவிடும். மட்டம் திடீரென்று இறங்கியிருந்தால் ஒழுகுகிறது. நனைந்த உமியில் ராத்திரி முழுக்கக் கிடக்கிற எலி குளிரிலேயே செத்துவிடும்.

சித்திரை, வைகாசியில் உங்கள் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது மின்தடையில் ஏசி நின்றால் அதுவும் கொல்லும். எலிக்கு வியர்க்காது, எச்சிலை மயிரில் பூசித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தாடையும் மார்பும் நனைந்து, கால் கை பரப்பிக் குப்புறக் கிடந்தால் அது நோயல்ல, வெப்பம். கவனிக்க ஆளில்லாத சனி, ஞாயிறில் சாவு கூடுகிறதா என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

பார்த்ததும் பதற வைத்து, நோயாக இல்லாதவையும் உண்டு. மீசையும் முக மயிரும் சிரைத்த மாதிரி போய், தோல் சுத்தமாக இருந்தால் கூண்டுத் தோழன் கடித்து மழித்தது. மீசை முழுசாக உள்ள எலிதான் பெரும்பாலும் அந்த நாவிதன். ஆண் எலிகளின் வாலிலும் பின்பக்கத்திலும் காயம் இருந்தால் சண்டை. இளைத்துக்கொண்டே வருவது தீனியைக் கடிக்க முடியாமல் தவித்தால் உதட்டை விலக்கிப் பாருங்கள், முன்பல் வளைந்து வளர்ந்திருக்கும்.

நோயாளியைக் கண்டதும் டெட்ராசைக்ளினைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேண்டாம். முடியாத எலி தண்ணீரே குடிக்காது, மருந்து நல்லவற்றுக்குத்தான் போகும். ஆய்வு முடிவும் கெடும். மாறாக, அதைச் சுத்தமான கூண்டுக்கு மாற்றி, கூண்டின் பாதிக்கு மட்டும் அடியில் வெதுவெதுப்பு கொடுங்கள். சூடு தாளாவிட்டால் மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். ஊறவைத்த தீனியைத் தரையிலேயே வையுங்கள், மேலே எட்டிக் கடிக்க அதற்குத் தெம்பிருக்காது. நல்ல கூண்டுகளை முதலில் பார்த்துவிட்டு நோயாளிக் கூண்டுக்குக் கடைசியில் போங்கள். ஆய்வாளருக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். தொட்டாலும் அசையாமல், சில்லிட்டு, புரட்டிப் போட்டால் நிமிர முடியாமல் கிடந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். வலியில்லாமல் முடித்துவைப்பது பற்றி நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட திட்டத்திலேயே எழுதியிருக்கும்.

செத்ததைக் குப்பையில் போடாதீர்கள், ஃப்ரீஸரிலும் வைக்காதீர்கள். உறைந்தால் திசு சிதைந்துவிடும். பையில் கட்டி, தேதியும் கூண்டு எண்ணும் எழுதி, 4 டிகிரி குளிர்பெட்டியில் வைத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையிடம் போனில் கேட்டுக்கொண்டு அன்றே எடுத்துப் போங்கள்.