மனோரமாவை ஏன் ஆச்சி என்கிறார்கள், அவர் எங்கள் ராமநாதபுரத்துக்காரரா?

பிறந்தது 1937இல் மன்னார்குடியில், இயற்பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டதால் அம்மாவோடு காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு வந்து, வறுமையில் படிப்பை விட்டு, வீட்டுவேலை பார்த்து, பன்னிரண்டு வயதுவாக்கில் நாடக மேடை ஏறியவர். பள்ளத்தூர் அப்போது ராமநாதபுரம் மாவட்டம்தான் (சிவகங்கை பிரிந்தது 1985இல்), அதனால் பாதி உரிமை நமக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்! செட்டிநாட்டில் பெண்களை மரியாதையாக 'ஆச்சி' என்பார்கள்; அந்தப் பக்கத்துப் பேச்சும் வளர்ப்பும்தான் அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தன.

சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் கண்ணதாசன், 1958இல் 'மாலையிட்ட மங்கை'. கதாநாயகி வேடம் அபூர்வம், 1963இல் 'கொஞ்சும் குமரி'. ஆனால் 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியைப் பாருங்கள், சிவாஜியின் நாயனத்தைப் பற்றி வெகுளியாகக் கேட்டுச் சிரிக்க வைக்கிற அதே பெண் கொஞ்ச நேரத்தில் நம்மைக் கலங்கவும் வைக்கிறாள். பாம்பனில் எங்கள் அப்பத்தா பாசி எடுத்துவிட்டு வந்து கால் உப்பைக்கூடக் கழுவாமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடும், அந்தப் படம் ஓடினால் சோறு கிடைக்காது.

ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸில் இடம்பிடித்தார். தேசிய விருது வந்தது நகைச்சுவைக்கு அல்ல, 'புதிய பாதை' படத்தின் குணச்சித்திர வேடத்துக்கு. அப்புறம் 2002இல் பத்மஸ்ரீ, சின்னத்திரைத் தொடர்களும் உண்டு. 2015 அக்டோபரில் சென்னையில் காலமானார்.