சாஹேல் நிலம் ஏன் கெட்டது? கேள்விகளும் பதில்களும்

கல்லூரி மாணவி: சகாரா பாலைவனம் ஆண்டுதோறும் தெற்கே நகர்ந்து ஊர்களை விழுங்குகிறது என்று படித்தேன். உண்மையா?

மணல் அலை அலையாக வந்து மூடுகிற காட்சி பெரும்பாலும் கற்பனைதான். சாஹேல் என்பது சகாராவின் தெற்கு ஓரமாகச் செனகலில் தொடங்கி மாலி, புர்கினா பாசோ, நைஜர், சாட் வழியாகச் சூடான் வரை போகிற வறண்ட பட்டை. அங்கே நிலம் இருந்த இடத்திலேயே கெடுகிறது. ஊரை ஒட்டி ஒரு திட்டு, கிணற்றைச் சுற்றி ஒரு திட்டு; நாளடைவில் திட்டுகள் ஒன்றுசேர்கின்றன.

ஆசிரியர் ஒருவர்: மழை குறைந்ததாலா, அளவுக்கு மீறி மாடு மேய்த்ததாலா?

இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் நெடுங்காலம் பழி முழுவதையும் மேய்ச்சல்காரர்கள் தலையில் போட்டார்கள். 1968 முதல் 1973 வரையும், மறுபடி 1984-ஐ ஒட்டியும் வந்த கொடும் வறட்சிகளுக்குக் கடல் மேற்பரப்பின் வெப்பநிலை மாறியதே முதன்மைக் காரணம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. புல் தேடி மாடு ஓட்டிப் போனவர் மழையை நிறுத்தவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நிலம் அந்த வறட்சியைத் தாங்காமல் போனதில் மனிதர் கை உண்டு. முன்பெல்லாம் சில ஆண்டுகள் பயிரிட்டு, பல ஆண்டுகள் தரிசாக விடுவார்கள். மக்கள்தொகை பெருகி, ஏற்றுமதிக்கான நிலக்கடலையும் பரவியதும் அந்த ஓய்வு போயிற்று. விறகுக்காக மரமும் போயிற்று.

பொறியாளர் ஒருவர்: ஆண்டுக்கு 400, 500 மி.மீ. மழை பெய்கிற இடங்களும் அங்கே இருக்கின்றனவே. அப்புறம் ஏன் பயிர் காய்கிறது?

பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்குவதில்லை. மூடாக்கு இல்லாத வெற்று நிலத்தில் மழைத்துளி நேராக அடிக்கிறது. மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. வெயில் அடித்ததும் மேற்பரப்பு பொருக்குத் தட்டிவிடும். அடுத்த மழை அதன் மேல் வழுக்கி ஓடுகிறது. விழுந்த விதையைக் காற்று கொண்டுபோகிறது.

தென்மேற்கு நைஜரில் இன்னொரு விந்தை. புதர்க்காடு அழிந்து மழையும் குறைந்த அதே காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது! வயலில் இறங்காமல் ஓடிய தண்ணீர் பள்ளங்களில் தேங்கி, அங்கிருந்து ஆழத்துக்குப் போயிற்று. கிணற்றில் நீர் ஏற ஏற, மேலே கம்பு வாடியது.

இல்லத்தரசி ஒருவர்: மக்கள் என்ன ஆனார்கள்?

விறகுக்குப் பெண்கள் நடக்கும் தூரம் கூடியது. ஆண்கள் பிழைப்புக்குக் கடற்கரை நகரங்களுக்குப் போனார்கள். மேய்ச்சல் வழிகள் வயலானதால் விவசாயிக்கும் மேய்ப்பவருக்கும் சண்டை, சில இடங்களில் உயிர்ப்பலி வரை.

பத்திரிகை மாணவர்: கெட்ட நிலம் திரும்புமா?

திரும்பியிருக்கிறது. புர்கினா பாசோவின் யாகூபா சவடோகோ, 1980களின் தொடக்கத்தில் ‘சாய்’ என்ற பழைய குழி முறையை மேம்படுத்தினார். கோடையிலேயே, இறுகிய தரையில், ஒரு சாணுக்குச் சற்றுக் கூடின அகலத்தில் குழிகள் வெட்டி எரு போடுவார். எருவைத் தேடிக் கரையான் வரும். அது துளைத்த வழியே மழைநீர் இறங்கும். அந்த ஈரத்தில் சோளமும் கம்பும் முளைக்கும். குழிகளில் மரங்களையும் வளரவிட்டு ஒரு காட்டையே உருவாக்கினார். அவருக்குப் பைத்தியம் என்று ஊரார் சொன்னதும் உண்டு.

நைஜரின் மராடி பகுதியில் 1983 வாக்கில் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ வேறொன்றைக் கவனித்தார். வயலில் புதர் என்று நினைத்தவை வெட்டுண்ட மரங்களின் அடித்தூரிலிருந்து வந்த துளிர்கள். வேர் உயிரோடுதான் இருந்தது. சில துளிர்களை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தால் போதும், மரமாகிவிடும். இப்படி நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. முன்பு சட்டப்படி மரம் அரசுக்குச் சொந்தம், வெட்டினால் அபராதம். வளர்த்த மரம் தனக்கே என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் விவசாயி அதைக் காத்தார். என்னைக் கேட்டால், நாற்று நடும் எந்தத் திட்டத்தையும்விட இதுவே பெரிய காரணம்.

விளாத்திகுளம் மானாவாரி விவசாயி: வயலுக்குள் மரம் நின்றால் நிழலில் பயிர் கெடாதா ஐயா?

மரத்தைப் பொறுத்தது. நைஜர் விவசாயிகள் விரும்பும் ‘காவோ’ மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிடும், கம்புக்கு வெயில் கிடைக்கும். அது நம் ஊர் மரமல்ல, நம்மிடம் வன்னி இருக்கிறது. ராஜஸ்தானில் கம்பங்கொல்லை நடுவே வன்னியை விட்டுவைத்து, தழையைக் கழித்து மாட்டுக்குப் போடுகிறார்கள். நாற்று வாங்கப் போகும் முன் உங்கள் வரப்பில் துளிர்க்கும் தூர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அது சீமைக்கருவேலமாக இருந்தால் மட்டும் வேரோடு எடுத்துவிடுங்கள்.