பாதி நம்பிக்கை

அன்புள்ள சார்,

கால்பந்து கிளப் தோற்கும்போதெல்லாம் பயிற்சியாளருக்கு அவகாசம் கொடுங்கள் என்று எழுதுகிறீர்கள். ஏன் என்று கேட்டால், மான்செஸ்டர் யுனைடெட்டில் முதலில் தடுமாறி, பிறகு கோப்பைகளாக ஜெயித்த பயிற்சியாளர் ஃபெர்குசன் கதை வரும். ஒருவர் பிழைத்து ஜெயித்தார் என்பதற்காக எல்லோரையும் பொறுத்துக்கொள்ள முடியுமா? பட்டியலின் அடியில் முடித்துக் கீழ் லீக்குக்குத் தரமிறங்கிவிட்டால் அந்தப் பொறுமை சோறு போடுமா? செல்சியைப் பாருங்கள். 2012-லும் 2021-லும் சீசன் நடுவில் பயிற்சியாளரை மாற்றித்தான் ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை வென்றார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செல்சி பற்றி நீங்கள் சொல்வது உண்மை. 2012-ல் வில்லாஸ்-போவாஸ் போய் டி மத்தேயோ வந்த மூன்று மாதத்துக்குள் கோப்பை கைக்கு வந்தது. 2021-ல் லாம்பார்டுக்குப் பின் வந்த டூகல் நான்கு மாதத்தில் வென்றார். அதே டி மத்தேயோவை 2012 நவம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தரமிறங்குவது பற்றிக் கேட்டீர்கள். பர்ன்லி என்ற இங்கிலாந்து கிளப் இரண்டு வழியையும் பார்த்துவிட்டது. கிட்டத்தட்ட பத்து வருடம் பயிற்சியாளராக இருந்த ஷான் டைச்சை 2022 ஏப்ரலில், எட்டு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது நீக்கினார்கள். அப்படியும் தரமிறங்கினார்கள். 2023-24 சீசனில் தொடர்ந்து தோற்ற பயிற்சியாளர் கொம்பனியைக் கடைசி வரை வைத்திருந்தார்கள். அப்போதும் தரமிறங்கினார்கள். அதனால் வைத்திருந்தால் நல்லது நடக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

நான் கேட்பது வேறு. எதைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள்?

ஃபெர்குசன் வேண்டாம் என்கிறீர்கள், ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1989 டிசம்பரில் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில், மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு, போய் வாரும் ஃபெர்கி என்ற பொருளில் ஒரு ரசிகர் பதாகை பிடித்தார். அந்த சீசனில் அணி 13-ஆம் இடத்தில்தான் முடித்தது. பதாகை பிடித்தவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் பார்த்தது சனிக்கிழமை ஆட்டத்தை மட்டும்தான். நிர்வாகம் பார்த்தது வேறு: ஃபெர்குசன் வந்ததும் சிறுவர்களைத் தேடும் ஆட்களைப் பெருக்கியிருந்தார். பின்னால் பெரிய நட்சத்திரமான ரயன் கிக்ஸ் என்ற பையனின் 14-ஆம் பிறந்தநாளன்று அவன் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கினார். பதாகை விரிந்தபோது கிக்ஸுக்கு 16 வயது, முதல் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. புள்ளிப் பட்டியலில் அவன் எங்கே தெரிவான்?

ஆர்சனல் 2021 ஆகஸ்டில் இதே நிலையில்தான் நின்றது. பிரென்ட்ஃபோர்டுடன் முதல் ஆட்டம். பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிந்த ஒரு நீண்ட த்ரோ-இன் கோல் வாசலுக்குப் பக்கத்திலேயே விழுந்து எழும்பியது. ஆர்சனல் ஆட்கள் யாரும் வெளியே தட்டவில்லை, பிரென்ட்ஃபோர்டின் நோர்கார்ட் தலையால் முட்டி உள்ளே போட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, கடைசி இடம். அதற்கு முந்தைய இரண்டு சீசனும் 8-ஆம் இடம் வேறு. ஆனால் அதே கோடையில்தான் ராம்ஸ்டேல், பென் வைட், ஓடெகார்ட் என்று இளம் ஆட்களைப் பயிற்சியாளர் ஆர்ட்டேட்டாவுக்காக வாங்கியிருந்தார்கள். வாங்கிக் கொடுத்தவர்கள் அவரோடு நின்றார்கள். டிசம்பரில் அணியின் நட்சத்திரம் ஒபமேயாங்கின் கேப்டன் பதவியை அவர் பறித்தபோதும் நின்றார்கள். அந்த சீசன் 5-ஆம் இடம், அப்புறம் தொடர்ந்து மூன்று முறை 2-ஆம் இடம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பாதி நம்பிக்கை மேல்தான். 2024 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் தன் பயிற்சியாளர் எரிக் டென் ஹாகை அனுப்பியிருக்கலாம். லீக்கில் 8-ஆம் இடம் முடித்திருந்தார், யாரும் தவறு சொல்லியிருக்கமாட்டார்கள். லீக்குக்கு வெளியே இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்தார், அதனால் வைத்துக்கொள்வதிலும் நியாயம் இருந்தது. சரி, வைத்துக்கொண்டார்கள். ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், ஆட்களை வாங்கினார்கள். அக்டோபர் 28 அன்று நீக்கிவிட்டார்கள். ஆகஸ்டில் வந்த டி லிக்ட், மஸ்ரௌய் இருவரும் முன்பு அயாக்ஸ் என்ற நெதர்லாந்து கிளப்பில் அவரிடம் ஆடிய வீரர்கள். அவர்கள் வந்து சேர்ந்த இரண்டரை மாதத்தில் டென் ஹாக் இல்லை. அவருக்காகச் சேர்த்த அணியை வைத்து அடுத்து வந்த பயிற்சியாளர் அமோரிம், பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தி ஆடும் முற்றிலும் வேறான ஆட்டத்தை நடு சீசனில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 15-ஆம் இடத்தில் முடித்தார்கள்.