எல்லாரும் ஒரே விதியைப் பின்பற்றியும் அட்ஹாக் வைஃபையில் (தலைமைக் கருவி இல்லாமல் கருவிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசும் முறை) ஒருவருக்கு மட்டும் பேசச் சேனல் கிடைக்காமல் போவது ஏன்?

எங்கள் பகுதியில் அந்த ஒருவர் நான்தான், அதனால் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு சரிவின் நடுத் தெருவில் இருக்கிறது. லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு அடிக்கடி வந்த சமயம், மூன்று தெருக்காரர்கள் சேர்ந்து தெருவுக்கு இரண்டாக ஆறு பழைய ரவுட்டர்களை இன்வெர்ட்டரில் மாட்டினோம். எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ், சேனல் 6, அதாவது ஒரே அலைவரிசை. ஒரே ரேடியோ உள்ள ரவுட்டர்கள் தங்களுக்குள் பேச வேண்டுமானால் ஒரே சேனலில்தான் இருந்தாக வேண்டும். மேல் தெருவிலும் கீழ்த் தெருவிலும் வீட்டுக்கு வீடு வீடியோ ஜோராக ஓடியது. எனக்கோ நாலு வீடு தள்ளியிருக்கும் ஆயா வீட்டுக்கு ஒரு போட்டோ அனுப்பவே திணறல். மேல் தெரு அண்ணன் ஏதோ செட்டிங்கை மாற்றிவிட்டார் என்று சந்தேகப்பட்டேன். பாவம், அவர் எதையும் தொடவில்லை.

வைஃபையில் பேசுவதற்கு முன் காதுகொடுக்க வேண்டும். யாராவது பேசினால் காத்திருக்க வேண்டும். மேல் தெருவுக்கும் கீழ்த் தெருவுக்கும் ஒன்றின் சத்தம் மற்றதற்கு எட்டாது. நடுவில் எனக்கு இரண்டும் கேட்கும். அவர்கள் என் ஒருவனுக்காகக் காத்திருந்தால் போதும். எனக்கு இருவரும் ஒரே நேரத்தில் வாய் மூட வேண்டும். ஒவ்வொருவரும் 100இல் 80 பங்கு நேரம் பேசினால், இரண்டு மௌனமும் சேர்ந்து வருவது சுமார் 4 பங்குதான். மௌனம் வந்ததும் உடனே பேசவும் முடியாது, குலுக்கலில் வரும் ஓர் எண்ணிலிருந்து பூஜ்யம்வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். அதற்குள்ளும் என் காத்திருப்பு எண்ணிக்கை முடிய வேண்டும். முடிவதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்.

ஆர்டிஎஸ், சிடிஎஸ் போடு என்றார்கள், அதாவது அனுப்பலாமா என்று கேட்டு, அனுப்பு என்று பதில் வந்தபின் பேசுவது. அது ஒருவரையொருவர் கேட்காமல் மோதிக்கொள்பவர்களுக்கு. எனக்குக் கேட்பதுதான் பிரச்சினை. மோதினால் அந்தக் குலுக்கல் எண்ணின் உச்ச வரம்பு 15, 31, 63 என்று 1023 வரை ஏறும், ஜெயித்தவருக்கு மட்டும் 15க்கே இறங்கும் என்ற அநியாயம் தனி. அதற்கு, காத்திருப்பு அளவைப் பாக்கெட்டிலேயே எழுதி அனுப்பி அக்கம்பக்கத்தார் அதையே பின்பற்றட்டும் என்று 1994இல் மக்காவ் என்ற முறை வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் என் தொல்லை மோதலால் வந்ததில்லையே.

சரி, கடைசியில் இரண்டு தெருவிலும் வீடியோ வேகத்துக்கு வரம்பு வைத்தோம். தலா 30 பங்கு நேரம் பேசினால் எனக்குக் கிட்டத்தட்ட 49 பங்கு மௌனம் கிடைக்கிறது. ஆயாவுக்கு வீடியோ கால்கூடப் போகிறது, கிங்ஸ்மீட் மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கும் நாள் தவிர. அன்றைக்கு அண்ணன் வரம்பை எடுத்துவிடுவார். நான் போட்டோவைக் காட்ட நடந்தே போய்விடுவேன்.