பல்லி வாலின் விலை

அன்புள்ள சார்,

எங்கள் வீட்டுப் பூனை ஒரு பல்லியைக் கவ்வியது. பல்லி வாலை விட்டுவிட்டுச் சுவரேறித் தப்பிவிட்டது. வால் மட்டும் தரையில் துடித்துக்கொண்டு கிடந்தது. போனாலும் முளைத்துவிடும் உறுப்பு, செலவே இல்லாத தற்காப்பு! பல்லிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

சு.

அன்புள்ள சு.,

சலுகையா? பல்லி நல்ல விலை கொடுத்துத்தான் உயிரை மீட்டிருக்கிறது.

வால் பிய்ந்துபோவதில்லை, பல்லிதான் கழற்றுகிறது. வால் எலும்புகளுக்குள்ளேயே முறிவதற்கென்று பிளவுக்கோடுகள் உண்டு. தசையை இறுக்கியதும் அங்கே கழன்றுகொள்ளும். ரத்தக்குழாய் சுருங்கிவிடுவதால் ரத்தமும் அதிகம் போகாது. துண்டான வாலை ஆட்டுவது அதற்குள் இருக்கும் தண்டுவட நரம்புகள். ஆக்சிஜன் வராமலே தசைகள் சில நிமிடங்கள் இயங்கும். பூனை அதையே பார்த்துக்கொண்டிருக்க, பல்லிக்கு அவ்வளவு நேரம் தாராளம்.

சரி, செலவுக்கு வருவோம். பல பல்லி இனங்கள் கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில்தான். பாகிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும் இருக்கும் சிறுத்தைப்பல்லிக்கு, நன்றாக இரை கிடைக்கும் காலத்தில் வால் முள்ளங்கி மாதிரி உப்பியிருக்கும். வால் போனால் பட்டினி நாட்களுக்கான கையிருப்பும் போச்சு. புது வால் வளர்க்கும் சத்தையோ உடம்பு வளர்ச்சியிலிருந்தோ முட்டையிலிருந்தோ பிடித்துத்தான் எடுக்க வேண்டும். வட அமெரிக்காவில் ஒரு சிறு அரணை, ஆபத்து நீங்கியதும் திரும்பி வந்து தான் விட்டுப்போன வாலையே தின்பதுண்டு. கேட்க அருவருப்பாக இருக்கலாம். எனக்கென்னவோ கெட்டிக்காரத்தனமாகத்தான் படுகிறது.

அப்புறம், சுவரில் திரிகிற பிராணிக்கு வால் ஐந்தாவது கால். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசிய வீட்டுப்பல்லி இனம் ஒன்றை ஆராய்ந்து 2008இல் இதை எழுதினார்கள். ஏறும்போது கால் வழுக்கினால் வாலைச் சுவரில் அழுத்தி ஊன்றிக்கொள்கிறது. மல்லாக்க விழுந்தால் நடுவழியிலேயே வாலைச் சுழற்றி உடம்பைத் திருப்பிக் காலூன்றி இறங்குகிறது. வாலிழந்த பல்லிக்கு இரண்டுமே சிரமம்.

முளைத்துவிடும் என்கிறீர்கள். முளைக்கிறது, ஆனால் அதே வால் இல்லை. கண்ணி கண்ணியான எலும்புக்குப் பதில் உள்ளே ஒரே குருத்தெலும்புக் குழாய்தான். அதில் பிளவுக்கோடு கிடையாது. அடுத்த தடவை அதற்கும் மேலே, பழைய எலும்பு மிச்சமிருக்கும் இடத்தில்தான் கழற்றியாக வேண்டும். ஆக, ஒவ்வொரு தடவையும் கழற்றுவதற்கான இடம் குறைந்துகொண்டே வரும். ராத்திரி ட்யூப்லைட் பக்கம் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லிகளைக் கவனியுங்கள். வால் பாதியில் நிறம் மாறி, செதிலின் ஒழுங்கு குலைந்து தெரிந்தால் அது இரண்டாம் வால்.